எரிகிற காலும் விறைத்த காலும்: நீரிழிவு நரம்பை என்ன செய்கிறது?

வாசகர் கடிதம்:

என் அப்பாவுக்கு 61 வயது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் வயல் செய்கிறார். 14 வருடமாகச் சீனி வருத்தம். இரண்டு பாதங்களிலும் விறைப்பு இருந்தும் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான்கு மாதங்களுக்கு முன், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையில் 12.4 என்று வந்ததால் கிளினிக்கில் இன்சுலின் தொடங்கினார்கள். அவரும் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தார். இப்போது 7.9. ஆனால் இன்சுலின் தொடங்கி ஆறு கிழமையில் கால் எரிவு வந்தது. இரவில் சாரனின் நுனி பட்டாலும் துடிக்கிறார். சீமெந்து நிலத்தில் ஈரத்துணி விரித்து அதன்மேல் காலை வைத்துப் படுக்கிறார். இவ்வளவு நோகிற காலில் போன மாதம் செருப்பைத் துளைத்து ஆணி ஏறியது அவருக்குத் தெரியவில்லை. இரத்தத்தைக் கண்டு நாங்கள்தான் சொன்னோம். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. எழும்பும்போது தலையும் சுற்றுகிறது என்கிறார். 'ஊசிதான் நரம்பை எரிக்கிறது' என்று இன்சுலினை நிறுத்தப் போகிறார். பாமசியில் வாங்கிய நோக் குளிசையை ஒவ்வோர் இரவும் போடுகிறார். ஆடியில் கதிர்காமத்துக்கு வெறுங்காலுடன் நடந்து போவதாக நேர்த்தியும் வைத்திருக்கிறார். எரிகிற கால் எப்படி விறைத்தும் இருக்கும்? எரிவு நின்றால் குணமாகிவிட்டது என்று எடுக்கலாமா? எனக்கு 36 வயது; நானும் பயப்பட வேண்டுமா?

மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்த விடயத்தையே நான் முதலில் எடுக்கிறேன். ஆணி ஏறி ஒரு மாதமாகியும் ஆறாத புண் உங்கள் அப்பாவின் பாதத்தில் இருக்கிறது. எரிவுக்கு மருந்து தேடுவது ஒரு கிழமை பிந்தலாம். அந்தப் புண்ணைக் காட்டுவது ஒரு நாளும் பிந்தக் கூடாது. அடுத்த கிளினிக் திகதி வரும்வரை பார்த்திராமல், நாளைக் காலையே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அவரை அழைத்துச் செல்லுங்கள். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி, றப்பர்த் துகளையும் மண்ணையும் கிருமிகளையும் தன்னோடு உள்ளே கொண்டு சென்றிருக்கக் கூடும். மேல்தோல் மூடிக்கொண்டாலும் அடியில் சீழ் கட்டலாம், தொற்று எலும்பு வரைக்கும் இறங்கலாம். அங்கே புண்ணைத் துப்பரவு செய்வார்கள், எலும்பைப் பார்க்க எக்ஸ்றே எடுப்பார்கள், பாதத்துக்குப் போதிய இரத்தம் வருகிறதா என்று நாடி பார்ப்பார்கள், ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என்றும் தீர்மானிப்பார்கள். இதை நீங்கள் வாசிக்கும் வேளையில் காய்ச்சலோ, பாதத்தில் வீக்கமும் சிவப்புமோ, நாற்றமோ, விரலில் கருமையோ இருந்தால், நாளை என்பதையும் விட்டுவிட்டு இன்றிரவே கொண்டுபோங்கள். 'அதில் நோவே இல்லையே' என்று அவர் மறுப்பார். அந்த நோவின்மைதான் எனக்குள்ள பெரிய கவலை. அது ஏன் என்பதைச் சொல்லவே மீதிக் கடிதம்.

கால்விரல் நுனியில் படுவதை மேலே கொண்டுவரும் நரம்பு இழை ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணுவின் நீட்சி. அந்த உயிரணுவின் உடல் இடுப்பருகே முள்ளந்தண்டின் ஓரத்தில் இருக்கிறது. அதன் இழையோ ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் ஓடி விரலின் தோலில் முடிகிறது. இழையின் நுனியைப் பேணுவதற்கான புரதங்களும் சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளும் அந்த உடலில் உருவாகி, இழையின் உள்ளே அவ்வளவு தூரமும் நகர்ந்து வந்து சேர வேண்டும். உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது கடைசி வயலே முதலில் வெடிக்கிறது. அதே முறையில், நரம்பின் உயிரணு நலிவடையும்போது அதன் கடைக்கோடியான விரல் நுனிதான் முதலில் பாதிப்படைகிறது. நீரிழிவின் நரம்புப் பாதிப்பு இரண்டு கால்களிலும் ஒரேயளவாக, விரல்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறுவது இதனால்தான். அது முழங்காலை நெருங்கும் காலத்தில் கைவிரல் நுனிகளும் விறைக்கத் தொடங்கும். கைக்குச் செல்லும் நரம்புகள் காலின் நரம்புகளை விடக் குட்டையானவை என்பதால் அவற்றின் முறை பின்னால் வருகிறது.

இந்த உயிரணுவைச் சீனி எப்படி நலிவடையச் செய்கிறது? தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் குளுக்கோசு போதிய அளவு நுழைவதற்கு இன்சுலின் வேண்டும். நரம்புக்கு அது வேண்டியதில்லை. இரத்தத்தில் எவ்வளவு குளுக்கோசு இருக்கிறதோ அதற்கேற்ப நரம்பின் உள்ளேயும் ஏறிவிடும். எரிசக்தியாகச் செலவழியாத மிகுதியை நரம்பு வேறு வழிகளில் திருப்புகிறது. அல்டோசு ரிடக்டேசு என்னும் நொதியம் அதன் ஒரு பகுதியைச் சோபிற்றோல் என்னும் பொருளாக மாற்றுகிறது. இந்த மாற்றத்திலேயே, உயிரணு தன்னை ஒட்சியேற்றச் சிதைவிலிருந்து காத்துக்கொள்ள வைத்திருக்கும் கையிருப்பும் கரைந்துபோகிறது. இன்னொரு பகுதி புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் இயல்பைக் கெடுக்கிறது. நரம்புக்கு இரத்தம் ஊட்டும் மயிரிழை போன்ற குழாய்களின் சுவரும் காலப்போக்கில் தடித்து, பிராணவாயுவும் போதாமல் போகிறது. கொழுப்பும் உயர் இரத்த அழுத்தமும் புகைத்தலும் இதே திசையில் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு விருந்தில் கூடுதலாகச் சாப்பிட்டதால் இது வருவதில்லை. வருடக்கணக்கில் அமைதியாக நடந்து முடிந்த பிறகே கால் பேசத் தொடங்குகிறது.

இனி, எரிகிற கால் எப்படி விறைத்தும் இருக்கும் என்ற உங்கள் கேள்வி. பாதத்தில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெல்லியவை நோவையும் சூட்டையும் குளிரையும் உணர்த்துகின்றன. தடித்தவை தொடுகையையும் அதிர்வையும், கண்ணை மூடியிருந்தாலும் விரல் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பதையும் உணர்த்துகின்றன. பாதிப்படைந்த ஓர் இழை உடனே மௌனமாகிவிடுவதில்லை. அதன் தோல்முனை அழிந்து பின்வாங்கிய பிறகும் மீதி இழை உயிரோடிருக்கிறது; மென்சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் (மின்துடிப்பை எழுப்பும் நுண்துளைகள்) இயல்பு கெட்டு, யாரும் தூண்டாமலே மின்துடிப்புகளை மேலே அனுப்பத் தொடங்குகிறது. குளுக்கோசு சிதையும்போது உண்டாகும் மெதைல்கிளையொக்சல் என்னும் பொருள், நோ நரம்புகளிலுள்ள அத்தகைய ஒரு சோடியம் வாயிலில் நேரடியாக ஒட்டி, அது எளிதில் துடிக்கும்படி செய்கிறது என்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே உங்கள் அப்பாவின் பாதத்தில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கின்றன. வெளியிலிருந்து குத்திய ஆணியின் செய்தியை எடுத்துக்கொள்ளத் தோலில் முனை இல்லாததால் அது மூளைக்குப் போய்ச் சேரவில்லை. வெளியில் எதுவுமே இல்லாத வேளையில் இழையின் உள்ளேயே பிறக்கும் துடிப்பு மட்டும் தவறாமல் போய்ச் சேர்கிறது. அந்தத் துடிப்பு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று மூளைக்குத் தெரியாது. அந்த இழை எந்த விரலுக்குரியதோ அந்த விரல் எரிகிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். அவர் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. வீட்டில் யாரேனும் 'ஆணி குத்தினது தெரியாத ஆளுக்கு என்ன எரிவு?' என்று கேட்டிருந்தால், தயவுசெய்து இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சாரன் நுனி பட்டாலே துடிப்பதற்குக் காரணம் பாதத்தில் மட்டும் இல்லை. கீழிருந்து ஓயாமல் வரும் துடிப்புகளால், முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணிலுள்ள நரம்பணுக்கள் மிகையாக உணரப் பழகிவிடுகின்றன. சாதாரணத் தொடுகையைக் கொண்டுவரும் தடித்த இழையின் செய்தியையும் அவை நோவாகவே மேலே அனுப்பத் தொடங்குகின்றன. நோவை மட்டுப்படுத்த மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டளைகளும் பலவீனமடைகின்றன. பகலில் வேலை, பேச்சு, நடை என்று மனம் ஈடுபட்டிருக்கும்போது ஓரளவு அடங்கியிருப்பது, படுத்தவுடன் முழுதாக எழுந்து வருவதை இந்த வருத்தமுள்ள பெரும்பாலானோர் சொல்வார்கள். நித்திரையில்லாத அடுத்த நாள் நோ இன்னும் கூடுகிறது; சீனியும் கூடுகிறது.

சீனி உயர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே நோ கூடுமா என்று பலர் கேட்பதுண்டு. நீரிழிவில்லாதவர்களுக்கு 50 கிராம் குளுக்கோசை நாளத்தில் ஏற்றிப் பார்த்த ஓர் ஆய்வு 1984இல் வெளியானது. குளுக்கோசு ஏறியதும் அவர்கள் முன்னையதை விடக் குறைந்த தூண்டலையே நோவாக உணர்ந்தார்கள், பொறுக்கும் அளவும் குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே விடையைத் தரவில்லை என்பதால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். ஆயினும் சீனி ஒரேயடியாக ஏறி இறங்கும் நாட்களில் எரிவு கூடுவதாக நோயாளர்கள் சொல்வதை நான் தட்டிக்கழிப்பதில்லை. இரவு எரிந்த நாளில் சீனி எவ்வளவு இருந்தது என்று கொப்பியில் எழுதிவைத்தால், அவரவர் உடம்பில் எப்படி என்பது சில கிழமைகளில் தெரிந்துவிடும்.

இன்சுலின் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் அப்பா கண்டது தவறில்லை. அவர் எடுத்த முடிவுதான் தவறு. இன்சுலின் தொடங்கிய பின் எரிவு வந்தது என்பது உண்மையான கவனிப்பு, அதை வைத்தியர் கேலி செய்யக் கூடாது. மனிதருக்கு இன்சுலின் முதன்முதல் ஏற்றப்பட்டது 1922இல். அதன் பின் காலில் கடும் நோ வந்த ஒரு நோயாளரைப் பற்றி 1933இலேயே மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். நெடுங்காலம் அதை இன்சுலின் நரம்பழற்சி என்றே அழைத்தார்கள். ஆனால் இன்சுலினே போடாமல் குளிசையால் மட்டும், ஏன், சாப்பாட்டை ஒறுத்து உடம்பை மெலிய வைத்ததால் மட்டும் சீனியை வேகமாக இறக்கியவர்களுக்கும் இதே எரிவு வருகிறது. எனவே நரம்பைச் சுடுவது ஊசியிலுள்ள மருந்து இல்லை. பல வருடம் உயர்ந்திருந்த சீனி சில கிழமைகளுக்குள் இறங்கிய வேகமே காரணம். மூன்று மாதத்துக்குள் எச்.பி.ஏ.1சி 2 புள்ளிக்கு மேல் இறங்கினால் இந்த ஆபத்துத் தொடங்குகிறது; இறக்கம் பெரிதாக ஆக, ஆபத்தும் நோவின் கடுமையும் கூடுகின்றன. உங்கள் அப்பாவுக்கு 12.4இலிருந்து 7.9 வரை, அதாவது 4.5 புள்ளி இறங்கியிருக்கிறது. சராசரிச் சீனி 310 மில்லிகிராம் அளவிலிருந்து 180 அளவுக்கு வந்திருக்கிறது என்பது இதன் பொருள். எரிவு பெரும்பாலும் எட்டுக் கிழமைக்குள் தொடங்கும் என்பதும் உங்கள் கணக்கோடு பொருந்துகிறது. எழும்பும்போது தலை சுற்றுவதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நரம்புகளும் மெல்லிய இழைகளே.

அவர் இன்சுலினைத் தானாக நிறுத்தினால் என்ன நடக்கும்? சீனி மறுபடி 300ஐத் தாண்டும், புண் ஆறாது, தொற்றுப் பரவும். பின்னர் யாராவது அவசரமாக அதை மீண்டும் இறக்குவார்கள், நரம்பு மறுபடி அடிவாங்கும். ஆகவே நிறுத்த வேண்டாம். அதே சமயம், 7.9ஐ உடனே 6.5க்கு இறக்க வேண்டும் என்று சோற்றை இன்னும் குறைக்கவும் வேண்டாம். புண் ஆறுவதற்கு உணவும் புரதமும் தேவை. இப்போதுள்ள அளவில் சீனியை ஏற்ற இறக்கமில்லாமல் சில மாதங்கள் நிறுத்திவைத்து, பின்னர் மெதுவாகக் கீழே கொண்டுவருவதே நான் பரிந்துரைப்பது. அளவை மாற்றும் முடிவைப் பொது வைத்திய நிபுணரே எடுக்க வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிட்டுச் சீனி 70க்குக் கீழே விழுவது இந்த நிலையில் மிகவும் கெடுதி. சீனி வேகமாக இறங்கும் காலத்தில் கண்ணின் விழித்திரையில் இருந்த பாதிப்பும் திடீரென்று கூடக்கூடும். அதனால் பார்வையில் குறை தெரியாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் கண் கிளினிக்கில் காட்டுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், இந்த வகை எரிவு பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தணியத் தொடங்கி, ஒன்று ஒன்றரை வருடத்துக்குள் வெகுவாகக் குறைகிறது. அதுவரை தாங்குவதற்கு மருந்து இருக்கிறது.

அந்த மருந்து பாமசியில் கேட்டு வாங்கும் நோக் குளிசை இல்லை. மூட்டு நோவுக்கும் பல் நோவுக்கும் போடும் டைக்குளோபெனக் வகைக் குளிசைகள் வீக்கத்தால் வரும் நோவை அடக்குபவை. இங்கே வீக்கம் காரணமில்லை, நரம்பின் துடிப்பே காரணம் என்பதால் அவை அதிகம் உதவுவதில்லை. ஆனால் அவற்றின் கெடுதி மட்டும் குறையாமல் வந்து சேரும்: 14 வருட நீரிழிவால் ஏற்கனவே சுமை தாங்கும் சிறுநீரகத்தை ஒவ்வோர் இரவும் அவை வருத்துகின்றன, வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்குகின்றன. இன்றிரவிலிருந்தே அதை நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் பரிசோதனையையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நரம்பு நோவுக்கு உதவுபவை அமிற்றிப்டிலின், டுலொக்செற்றின், பிரிகபாலின், கபாபென்ரின் ஆகியவை. இவற்றில் சில மனச்சோர்வுக்கும் சில வலிப்புக்கும் கொடுக்கப்படுவதால், உறையிலுள்ள விளக்கத்தை வாசித்துவிட்டு 'எனக்கென்ன பைத்தியமா' என்று குளிசையை எறிந்தவர்கள் உண்டு. முண்ணாணின் மிகை உணர்வை அடக்குவதற்காகவே அவை இங்கே தரப்படுகின்றன; அமிற்றிப்டிலினை மனச்சோர்வுக்குத் தேவையானதை விட மிகக் குறைந்த அளவில், 10 மில்லிகிராமில் தொடங்கி, இரவில் போடச் சொல்வது வழக்கம். எழும்பும்போது தலை சுற்றுகிறது என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் அமிற்றிப்டிலின் அதைக் கூட்டலாம். இதய நோயோ, சிறுநீர் கழிக்கச் சிரமமோ, கண் அழுத்த நோயோ இருந்தாலும் அது பொருந்தாமல் போகலாம். பிரிகபாலினும் கபாபென்ரினும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். அயல்வீட்டுக்காரருக்குச் சுகம் தந்த குளிசையை இரவல் வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு இவையே காரணம். எந்தக் குளிசையும் முதல் நாளில் வேலை செய்யாது. இரண்டு, மூன்று கிழமை பொறுக்க வேண்டும். எரிவு பாதியாகக் குறைந்து நித்திரை வந்தாலே அது நல்ல பலன். இவை நோவை மட்டுமே குறைக்கும், அழிந்த நரம்பை வளர்க்கா.

நரம்புச் சத்துக் குளிசை என்று விற்கப்படும் விற்றமின் பி கூட்டுக் குளிசைகளைப் பற்றியும் கேட்பீர்கள் என்று எண்ணுகிறேன். மெற்போமின் குளிசையைப் பல வருடம் போடுபவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைகிறது. பி12 குறைந்தாலும் கால் விறைக்கும், எரியும், நடை தள்ளாடும். உங்கள் அப்பா மெற்போமின் போடுகிறாரானால் பி12 அளவைப் பார்ப்பது பயனுள்ளது, குறைவென்றால் ஊசியோ குளிசையோ நிச்சயம் வேண்டும். குறைவில்லாதவர் அதை மாதக்கணக்கில் போடுவதால் பயனில்லை. பி6 மிகையாகச் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சாராயமும் கசிப்பும் தம் பங்குக்கு நரம்பை அழிப்பவை என்பதால் அந்தப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லட்டும். உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய தழும்போ, ஒரு காலில் மட்டும் விறைப்போ இருந்தால் அதையும் காட்டுங்கள், அது தொழுநோயாகவும் இருக்கலாம். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலையின் நினைவோடு அந்த நோயும் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எங்கள் கிழக்கில் அது இன்னும் முற்றாக ஒழியவில்லை, ஆனால் மாத்திரையால் முழுதாகக் குணமாகும்.

எரிவு நின்றால் குணமென்று எடுக்கலாமா? இதுதான் உங்கள் கடிதத்திலுள்ள மிக முக்கியமான கேள்வி, இதற்கு ஆம் என்று நம்பியதால் விரலையும் காலையும் இழந்தவர்கள் எங்கள் கிழக்கில் குறைவில்லை. எரிவு இரண்டு வழியாக அடங்கலாம். ஒன்று, சீனி நிலைபெற்று, துடித்துக்கொண்டிருந்த இழைகள் அமைதியடைவது. மெல்லிய இழைகள் தோலில் ஓரளவு மீண்டும் முளைக்கும் வல்லமை உடையவை. மற்றது, துடித்துக்கொண்டிருந்த இழைகள் செத்து ஓய்வது. இரண்டிலும் அவர் 'சுகமாயிருக்கு' என்றே சொல்வார். எது என்று பிரித்தறிய, நோவைக் கேட்காமல் உணர்வைச் சோதியுங்கள். அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவரது பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை, இரண்டு காலிலும் மாறி மாறி, அழுத்தாமல், தட்டாமல், தடவாமல், ஓரிரு விநாடி மட்டும் மெதுவாகத் தொடுங்கள். தொட்டது தெரிந்தவுடன் வலதா இடதா என்று சொல்லட்டும். ஆறு இடங்களில் இரண்டையோ அதற்கு மேலோ உணராவிட்டால் அந்தப் பாதம் காக்கும் உணர்வை இழந்துவிட்டது. இது இங்கிலாந்தின் இப்சுவிச் நகரில் உருவான, கருவியே தேவையில்லாத சோதனை. கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையாலும் 128 அதிர்வெண் இசைக்கவையாலும் இதையே நுணுக்கமாகப் பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது சப்பாத்தைக் கழற்றிக் காலைக் காட்டும் உரிமை உங்கள் அப்பாவுக்கு உண்டு, வரிசை நீளமென்றாலும் கேளுங்கள்.

ஆணி ஏறியது தெரியாதவர் இந்தச் சோதனையில் தோற்பார் என்றே நான் எதிர்பார்க்கிறேன். எனவே இனி அவரது கால் சொல்லாததைக் கண்தான் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இரவும் பாதத்தின் அடி, குதி, விரல் இடுக்கு ஆகியவற்றை வெளிச்சத்தில் நீங்களோ அம்மாவோ பாருங்கள். விறைப்புக்கு நொச்சி இலை ஒத்தணம், சுடுநீரில் கால் வைத்தல், சூடான மணல் முடிச்சு என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சூட்டை உணரும் இழையே அழிந்த காலில் கொப்புளம் எழும்பிய பிறகுதான் சுட்டது தெரியும். குளிக்கும் நீரின் சூட்டையும் மற்றவர் கையால் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போகும்போது சைலன்சரில் கால் பட்டு வெந்த புண்களை அடிக்கடி காண்கிறோம். ஈரத்துணியின் மேல் இரவெல்லாம் கால் வைத்தால் தோல் ஊறி வெடித்துக் கிருமி நுழையும். நிலத்தில் படுத்தவரின் விறைத்த விரலை எலி கடித்து, காலையில் இரத்தத்தைக் கண்டே அறிந்தவர்களும் உண்டு. கட்டிலில் படுக்க வையுங்கள். போர்வை காலில் படாமல் இருக்கக் கால்மாட்டில் ஒரு சின்ன வாங்கை வைத்து அதன்மேல் போர்வையை விரிக்கலாம். புண் ஆறும்வரை வயலுக்குள் இறங்கக் கூடாது. ஆறிய பிறகும் வரப்பிலும் வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம்; விரலிடுக்கில் வார் அறுக்கும் றப்பர்ச் செருப்பை விட, தடித்த அடியும் பின்வாரும் உள்ள செருப்பு நல்லது, போடும் முன் ஒவ்வொரு தடவையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

நோ தெரியாமை காலோடு முடிந்துவிடுவதில்லை. இதயத்திலிருந்து நோவைக் கொண்டுவரும் நரம்புகளும் நீரிழிவில் பாதிப்படையக் கூடும்; அதனால் மாரடைப்பு நெஞ்சு நோவில்லாமலே வரலாம். காரணமில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, சத்தி, திடீர்ச் சோர்வு வந்தால், 'வாய்வு' என்று சோடா கொடுத்துப் பொழுதைப் போக்காமல் உடனே வைத்தியசாலையில் இ.சி.ஜி எடுக்க வையுங்கள். அதேபோல் ஒரு பாதம் மட்டும் சூடாகி, சிவந்து, பெரிதாக வீங்கி, அதற்குத் தகுந்த நோ இல்லாமல் இருந்தால், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். விறைத்த காலில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும்போது வெளியில் தெரியும் அடையாளம் அதுவாக இருக்கலாம். உருவினாலும் நடந்தாலும் பாதத்தின் வடிவமே குலைந்துவிடும்.

கதிர்காம யாத்திரை பற்றித் தயக்கமின்றிச் சொல்கிறேன்: இந்த ஆடிக்கு அவர் நடக்கக் கூடாது. திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தை வரைக்கும் என்றாலும் சுடுமணலும் தாரும் அவரது பாதத்துக்கு ஆபத்து. உகந்தையைத் தாண்டிக் குமண, யால காட்டுக்குள் நுழைந்துவிட்டால் புண்ணைக் காட்ட வைத்தியசாலையும் இல்லை, சீனி விழுந்தால் கைகொடுக்க ஆளும் அருகில் இராது. விறைத்த காலோடு நடந்து முடித்துவிட்டு 'முருகன் நோவே தரவில்லை' என்று மகிழ்ந்தவர் திரும்பி வந்து சப்பாணியாய் இருப்பதை எந்த முருகனும் கேட்கவில்லை. பாண்டிருப்பில் தீ மிதிக்க நேர்ந்துகொள்ளும் நீரிழிவுக்காரருக்கும் நான் இதையே சொல்வேன். நேர்த்தி அவருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் கதிர்காமம் போய் வணங்கலாம், உங்கள் வீட்டில் இளையவர் ஒருவர் அவருக்காக நடக்கலாம், கோயிலில் கேட்டால் குருக்களும் வழி சொல்வார். கோயில் வீதியில் வெறுங்கால் விதியே இருந்தாலும் கனத்த காலுறையோடு விடும்படி கேளுங்கள்.

அவரிடம் இதையெல்லாம் சொல்லும்போது பயமுறுத்த வேண்டாம். சீனியைக் கட்டுக்குள் வைத்தால் நரம்புப் பாதிப்புக் குறையும் என்பது நிரூபிக்கப்பட்ட விடயம். முதலாம் வகை நீரிழிவில் 1993இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில் அது 60 சதவீதம் குறைந்தது. உங்கள் அப்பாவுக்குள்ள இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. அதனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைத்தல் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அழிந்தது முழுதாக மீளாது, மீதியைக் காக்கலாம்.

கடைசியாக, உங்களைப் பற்றி. தகப்பனாருக்கு இருப்பதால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூட, எங்கள் மக்களுக்கு உடம்பு அதிகம் பருக்காமலே இந்த வருத்தம் வருகிறது. நீரிழிவு என்று சொல்லும் அளவை எட்டாத சீனியும் மெல்லிய நரம்பு இழைகளைத் தொடத் தொடங்கலாம். அப்பாவைக் கூட்டிச் செல்லும் நாளில் நீங்களும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எதுவும் உண்ணாமல் போய் இரத்தம் கொடுங்கள். வெறுவயிற்றில் 100க்குக் கீழென்றால் வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். 100க்கும் 125க்கும் இடையில் என்றால் தேநீரில் சீனியை விட்டு, இரவில் பிட்டின் அளவைக் குறைத்து, நாளுக்கு அரை மணி நேரம் நடக்கத் தொடங்குங்கள். 126 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் மறுபடி பரிசோதித்து உறுதிசெய்துகொண்டு, அதே கிளினிக்கில் உங்களுக்கும் ஒரு கொப்பி போடச் சொல்லுங்கள்.